விடிவெள்ளிக்கு இடது பக்கம்

சாந்திபுரத்தில் எங்கள் பெரியப்பாவுக்கு ஒரு தக்காளித் தோட்டம் இருக்கிறது. ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் மூன்றும் முட்டிக்கொள்ளும் மூலையில் குப்பம். அதை ஒட்டிய மண்டலம்தான் எங்கள் சாந்திபுரம். கௌண்டின்யா காட்டிலிருந்து யானைகள் இறங்கிவரும் பருவத்தில் இந்தப் பக்கத்து விவசாயிகள் பரண் கட்டி இரவுக் காவல் இருப்பார்கள். கம்பளி, டார்ச், தட்டி ஓசை எழுப்ப ஒரு தகர டப்பா ஆகியவற்றோடு பெரியப்பா பரணில் இருந்த ஒரு விடியற்காலையில் வானத்தில் ஒன்றைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தவர் கால் கழுவுவதற்கு முன்பே சொல்லத் தொடங்கிவிட்டார். "விடிவெள்ளி கிழக்கால நின்னுக்கினு இருந்திச்சி. அதுக்கு இடது பக்கம், கொஞ்சம் வடக்கா, கீழேருந்து ஒரு வெளிச்சம் கெளம்பிச்சி. மொதல்ல ஆரஞ்சு. மேல ஏற ஏற வெள்ளையாப் பூத்து, விசிறி மாதிரி விரிஞ்சிடுச்சி. விடிவெள்ளிக்குக் கீழால நழுவி வலது பக்கம் போயி மறைஞ்சிது. சத்தமே இல்ல. நாலஞ்சு நிமிஷம் இருக்கும்."

அன்று 2022 பிப்ரவரி 14, திங்கட்கிழமை. காலை 9 மணிக்குள் டீக்கடையில் 'பறக்கும் தட்டு' என்ற பேச்சு வந்துவிட்டது. பெரியப்பா மட்டும் அந்தச் சொல்லை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. எந்தத் திசை, எதற்குப் பக்கத்தில், என்ன நிறம், எவ்வளவு நேரம், சத்தம் உண்டா இல்லையா என்பதை மட்டும் சொன்னார். அது என்னவென்று அவருக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் அவர் எதையும் இட்டு நிரப்பவில்லை.

அவர் சொன்னதை வைத்துத் தேடினால் பதில் பத்து நிமிடத்தில் கிடைத்துவிடும். அன்று காலை 5.59 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி52 ராக்கெட் கிளம்பியது. இ.ஓ.எஸ்.-04 என்ற புவி நோக்குச் செயற்கைக்கோளைச் சுமந்து சென்றது. இப்போது ஸ்ரீஹரிகோட்டா திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து கிழக்கே, சற்று வடக்காக, சுமார் 200 கி.மீ. தூரம். ராக்கெட் தெற்கு நோக்கிப் போக வேண்டியது. அதாவது, சாந்திபுரத்தில் கிழக்கு பார்த்து நிற்பவருக்கு இடமிருந்து வலமாக. அந்த மாதம் வெள்ளிக் கோள் காலை வானில் மிகப் பிரகாசமாக இருந்த மாதமும்கூட. பெரியப்பாவின் ஒவ்வொரு சொல்லும் கணக்கோடு ஒத்துப்போகிறது.

இருட்டில் அது எப்படி அவ்வளவு வெள்ளையாகப் பூத்தது? எங்கள் ஊரில் சூரியன் உதிக்க அப்போது இன்னும் ஏறத்தாழ 40 நிமிடம் இருந்தது. வீட்டில் ஒரு கால்பந்து இருந்தால் விடையைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு அரிசி மணியைக் கொஞ்சம் கோதுமை மாவு வைத்துப் பந்தின்மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். அறையை இருட்டாக்கி, தள்ளி நின்று ஒருவர் டார்ச் அடிக்கட்டும். பந்தில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. இப்போது பந்தை மெல்லச் சுழற்றி, அரிசி நிற்கும் இடத்தை இருட்டுக்குள் கொண்டுபோங்கள். அடி இருண்டுவிடும். நுனி மட்டும் பளிச்சென்று எரியும். இருளுக்குள் ஏறக்குறைய இரண்டு விரல் அகலம் தள்ளிய பிறகுதான் நுனியும் அணையும். அந்தப் பந்து பூமி என்றால், அரிசி மணியின் உயரம் சுமார் 350 கி.மீ. நமக்கு இன்னும் விடியாதபோது, 100 கி.மீ. உயரத்துக்கு மேலே போன ராக்கெட்டுக்கு விடிந்துவிட்டது. அதன் புகைமேல் வெயில் அடித்தது. அங்கே காற்று இல்லாததுபோல்தான். அதனால் புகையை அமுக்கிப் பிடிக்க எதுவும் இல்லை. அது பல கி.மீ. அகலத்துக்கு விரிந்துவிடும். பெரியப்பா சொன்ன விசிறி அதுதான்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பழைய செய்தித்தாள்களில் வரும் 'வேற்றுக்கிரகவாசி' செய்திகளைத் தேடிப் படிப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. படிக்கும்போதெல்லாம், இதைப் பார்த்தவர் எங்கள் பெரியப்பாவைப்போல் ஒரு வரி சொல்லியிருக்கக் கூடாதா என்று ஏங்குவேன். தேதி, நேரம், திசை மூன்றும் இருந்தால் போதும். வானத்தின் கணக்கைப் பின்னோக்கிப் புரட்டலாம். எந்த இரவில் வெள்ளி எங்கே இருந்தது, வியாழன் எங்கே இருந்தது, நிலா எத்தனை மணிக்கு எழுந்தது எல்லாம் கணக்கிட்டுவிட முடியும். ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் ஊரையும் தேதியையும் கொடுத்தால், நூறு வருடத்துக்கு முந்தைய வானம்கூட உங்கள் கண்முன் வரும். மறந்துபோவது மனிதர்கள்தான்.

செய்தித்தாளில் வேற்றுக்கிரகவாசிகள் வரத் தொடங்கி நெடுநாள் ஆகிறது. 1835 ஆகஸ்டில் நியூயார்க்கின் 'தி சன்' என்ற நாளிதழ், நிலாவில் வௌவால் சிறகுள்ள மனிதர்கள் வாழ்வதாகத் தொடர்ந்து ஆறு கட்டுரைகள் வெளியிட்டது. ஜான் ஹெர்ஷல் என்ற பெரிய வானியலாளர் தொலைநோக்கியில் பார்த்துச் சொன்னதாக எழுதியது. ஹெர்ஷல் அப்போது தென்னாப்பிரிக்காவில் இருந்தார். கப்பலில் கடிதம் போய்ச்சேரவே பல வாரம் ஆகும் காலம் அது. உடனே மறுத்துச் சொல்ல ஆளில்லை. அத்தனையும் கற்பனை.

ஆனால் எல்லாச் செய்தியும் பொய் அல்ல. பெரும்பாலான செய்திகளில் ஒருவர் உண்மையிலேயே எதையோ பார்த்திருக்கிறார். அது வாய்மாறி, பேனாமாறி, அச்சுக்கு வருவதற்குள் என்ன ஆகிறது என்பதுதான் நாம் தேட வேண்டியது. இதற்கு 'பறக்கும் தட்டு' என்ற சொல்லின் கதையே போதும்.

1947 ஜூன் 24. அமெரிக்காவில் கென்னத் ஆர்னால்டு என்பவர் தன் சிறிய விமானத்தில், ரெய்னியர் என்ற பனிமலைக்கு அருகே பறந்துகொண்டிருந்தார். ஒன்பது பொருள்கள் பளபளத்துக்கொண்டு மிக வேகமாகப் போவதைப் பார்த்ததாக நிருபர்களிடம் சொன்னார். குளத்தில் ஓட்டுச் சில்லைச் சாய்வாக வீசினால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தத்திப் போகுமே, அப்படி ஒரு தட்டை வீசினால் எப்படிப் போகுமோ அப்படிப் போயின என்பதைத்தான் தாம் சொன்னதாகப் பின்னாளில் ஆர்னால்டு விளக்கினார். அவர் சொன்னது போகும் விதத்தை. செய்தித்தாள்கள் அதை வடிவமாக எடுத்துக்கொண்டு 'பறக்கும் தட்டு' என்று தலைப்புப் போட்டன. அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்றும் வியப்பு. சில வாரங்களுக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் வானத்தில் வட்டத் தட்டுகளைப் பார்த்ததாகச் சொன்னார்கள். தலைப்பில் இருந்த வடிவம் வானத்துக்கு ஏறிவிட்டது!

அடுத்த மாதமே, ஜூலை 8 அன்று, ராஸ்வெல் என்ற ஊரின் நாளிதழ் ராணுவத்தினர் ஒரு பறக்கும் தட்டைப் பிடித்துவிட்டதாக எழுதியது. மறுநாளே, அது வானிலை பலூன் என்று அதிகாரிகள் சொன்னதாகச் செய்தி வந்தது. அது முழு உண்மையும் அல்ல. சோவியத் நாட்டின் அணுகுண்டுச் சோதனைகளை உயரத்திலிருந்து ஒட்டுக்கேட்க விட்ட 'மோகல்' என்ற ரகசியத் திட்டத்தின் பலூன் அது என்று அமெரிக்க விமானப்படை 1994இல் வெளியிட்டது. ஒரு செய்தியின் மீதிப் பாதி வெளிவர 47 வருடம். அதற்குள் அந்த ஊரைச் சுற்றிப் புத்தகமும் படமுமாக ஒரு பெரிய கதைக்காடே வளர்ந்துவிட்டது.

அந்தத் தட்டு தமிழுக்கும் வந்தது. 1963இல் எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்த 'கலை அரசி' வெளியானது. வேறொரு கிரகத்திலிருந்து பறக்கும் தட்டில் வருபவர்கள் ஒரு பாடகியைத் தூக்கிச் சென்றுவிடுவார்கள். இந்தியாவில் இப்படிப்பட்ட கதையை முதலில் எடுத்த படங்களில் அது ஒன்று. வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள், கொட்டகையில் பார்த்தவர்கள் இருப்பார்கள்.

அதே 1963இன் நவம்பர் 21 மாலை, திருவனந்தபுரம் பக்கத்தில் தும்பா கடற்கரையிலிருந்து நம் நாட்டின் முதல் ராக்கெட் கிளம்பியது. நைக்கி-அப்பாச்சி என்பது அதன் பெயர். அமெரிக்காவில் செய்து, நம் மண்ணிலிருந்து ஏவியது. உள்ளே சோடியம் வைத்திருந்தார்கள். 100 கி.மீ.க்கும் மேலே போனதும் சோடியம் ஆவியாக வெளிவந்து, மறைந்த சூரியனின் ஒளி பட்டு ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. பழைய தெருவிளக்குகளின் மஞ்சள் நிறம் நினைவிருக்கிறதா? அதுவும் சோடியம்தான். அந்த மேகம் எப்படி இழுபட்டுக் கோணுகிறது என்று படமெடுத்து, அவ்வளவு உயரத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கண்டுபிடிப்பது அவர்கள் நோக்கம். நம் அரிசி மணியின் கதைதான், காலைக்குப் பதில் மாலையில்.

யோசித்துப் பாருங்கள். அன்று மாலை ஏதோ ஒரு கிராமத்தில் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் தலைக்குமேல் ஆரஞ்சு மேகத்தைப் பார்க்கிறார். ராக்கெட் என்ற சொல்லே அவர் காதில் விழுந்ததில்லை. அவர் பார்த்தது பொய்யா? இல்லை. அவர் அதற்கு என்ன பெயர் வைத்தாலும் அவருடைய கண் சரியாகத்தான் பார்த்தது. ஆகவே பழைய செய்தியைப் படிக்கும்போது நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் 'கண்டது', மறுபக்கம் 'கருதியது'. 'கிழக்கே ஆரஞ்சு வெளிச்சம்' என்பது கண்டது. 'விண்கலம் இறங்கியது' என்பது கருதியது. நான் பார்த்த பல செய்திகளில் தலைப்பு முழுக்கக் கருதியதாகவே இருக்கும். கண்டது ஆறாவது வரியில் ஒளிந்திருக்கும்.

நம் நாட்டில் நடந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது லடாக் கதை. 2012 ஆகஸ்டு முதல் சீன எல்லையில் காவலிருந்த நம் வீரர்கள் வானத்தில் அடையாளம் தெரியாத ஒளிகளைக் கண்டார்கள். பாங்காங் ஏரிப் பக்கம் 2013 பிப்ரவரிவரை 329 முறை கண்டதாகப் பதிவு செய்தார்கள். சீனாவின் உளவு விமானங்களோ என்று கவலை. அந்தக் கவலையில் தவறே இல்லை. எல்லையில் நிற்பவர் எதையும் அலட்சியப்படுத்தக் கூடாது. நாளிதழ்களில் இது பெரிய செய்தியானது. பறக்கும் தட்டு என்று எழுதியவர்களும் உண்டு.

பிறகு இந்திய வான் இயற்பியல் மையத்து வானியலாளர்களிடம் கேட்டார்கள். அவர்கள் முதலில் செய்ய வேண்டியிருந்தது மிக எளிமையான ஒரு வேலை. அந்த ஒளி பக்கத்து நட்சத்திரங்களை விட்டு விலகிப் போகிறதா, அவற்றோடு சேர்ந்தே நகர்கிறதா என்று பார்ப்பது. விமானம் என்றால் நட்சத்திரங்களைத் தாண்டி ஓடும். இவை ஓடவில்லை. வானம் முழுவதும் சுழலும்போது அதோடு சேர்ந்து சுழன்றன. மாலையில் வந்தது வியாழன். விடியலில் வந்தது வெள்ளி. 2013 ஜூலையில் இந்த விடை செய்தித்தாள்களில் வந்தது.

நீங்களே சரிபார்க்கலாம். ஸ்டெல்லேரியத்தில் லடாக்கை வைத்து 2012 டிசம்பர் 3 என்று போடுங்கள். அன்று பூமி, சூரியனுக்கும் வியாழனுக்கும் நடுவில் இருந்தது. சூரியன் மறையும்போது வியாழன் கிழக்கே எழும், இரவெல்லாம் எரியும். நேரத்தை விடியற்காலைக்கு நகர்த்துங்கள். அதோ, கிழக்கே வெள்ளி. லடாக்கில் நாலாயிரம் மீட்டருக்கு மேலே காற்று மெலிந்து, தூசியில்லாமல் தெளிவாக இருக்கும். சமவெளியில் நாம் பார்க்கும் விடிவெள்ளியைவிட அங்கே இன்னும் பளிச்சென்று தோன்றும்.

ஆனாலும் அசையாத கோள் அசைவதாக ஏன் தோன்ற வேண்டும்? இருட்டில் ஒற்றை ஒளிப்புள்ளியை உற்றுப் பார்த்தால், சிறிது நேரத்தில் அது மெல்ல மிதப்பதுபோல் இருக்கும். நகர்வது ஒளி அல்ல. நம் கண்கள் எப்போதும் மிக நுண்ணியதாக அசைந்துகொண்டே இருக்கின்றன. பக்கத்தில் மரமோ சுவரோ தெரிந்தால் மூளை அதை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். சுற்றிலும் இருட்டாக இருந்தால் குழம்பிவிடும். அதனால்தான் பெரியப்பா விடிவெள்ளியைப் பக்கத்தில் வைத்துச் சொன்னதைக் கேட்டபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. நீங்கள் தெருவில் எதையாவது பார்த்தால், ஒரு கம்பத்தின் ஓரத்தோடு கண்ணைப் பொருத்தி அப்படியே அசையாமல் நில்லுங்கள். கோள் என்றால் நான்கு நிமிடத்தில் சுமார் ஒரு டிகிரி நகரும். கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரலின் அகலம்தான் ஒரு டிகிரி.

லடாக்கின் புதிரை அவிழ்த்த அதே மையம் நமக்கு மிகப் பக்கத்திலும் இருக்கிறது. சவ்வாது மலையில் காவலூர் வைனு பாப்பு வானாய்வகம், சாந்திபுரத்திலிருந்து காக்கை பறக்கும் வழியில் 60 கி.மீ.க்குள்தான். 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986இல் அங்கே வேலை தொடங்கியது. 1988இல் அங்கிருந்து ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து, கணித மேதை ராமானுஜனின் பெயரை வைத்தார்கள். அங்கே இரவு முழுவதும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பறக்கும் தட்டு எதையும் அவர்கள் பதிவு செய்ததாக நான் படித்ததில்லை.

சில செய்திகளில் ஒளி மட்டுமல்ல, பொருளே கீழே இறங்கிவிடும். 2022 டிசம்பரில் தெலங்கானாவின் விகாராபாத் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், வயலில் ஒரு பெரிய விசித்திர உருண்டைக் கலம் கிடந்தது. சுற்றுவட்டாரமே திரண்டு வந்தது. விண்கலம் விழுந்துவிட்டது என்று செய்தி பரவியது. ஹைதராபாத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பலூன் விடும் நிலையம் ஒன்று உண்டு. ஒரு ஸ்பெயின் நிறுவனத்துக்காக அங்கிருந்து பலூனில் கட்டி அனுப்பிய ஆளில்லாச் சோதனைக் கலம் அது. அந்த நிலையம் பலூன் விடும் பருவத்தில், 'வண்ணப் பாராசூட்டில் கருவிகள் இறங்கும், தொடாதீர்கள், தகவல் சொல்லுங்கள்' என்று பொதுமக்களுக்கு அறிவிப்பும் கொடுக்கும். அதனால் பழைய இதழைப் புரட்டும்போது பரபரப்புச் செய்தி வந்த பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அதற்கு முந்தைய வாரத்து இதழ்களில் உள்பக்க மூலைகளையும் பாருங்கள். பல நேரம் விடை கேள்விக்கு முன்பே அச்சாகியிருக்கும்.

2017இல் விசாகப்பட்டினத்தில் ஒரு கட்டடத்தில் எடுத்த காணொளி உலகமெங்கும் ஓடியது. வெளிறிய முகம், கறுத்த பெரிய கண்கள், இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கும் மூன்று உருவங்கள். வேற்றுக்கிரகக் குழந்தைகள் என்றார்கள். அவை இறகு முளைக்காத கூகைக் குஞ்சுகள். பாவம், தாயைக் காணாமல் நடுங்கிக்கொண்டு நின்றிருக்கும்.

எங்கள் பக்கத்திலேயே நடந்த ஒன்று இவ்வளவு எளிதாக முடியவில்லை. 2016 பிப்ரவரி 6 அன்று, குப்பத்திலிருந்து எல்லை தாண்டினால் வரும் நாட்றம்பள்ளி அருகே, ஒரு கல்லூரி வளாகத்தில் பெரிய வெடிச்சத்தம். பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்துபோனார். தரையில் ஒரு குழி, அருகே ஒரு கறுப்புக் கல். விண்கல் விழுந்ததாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. விண்கல்லால் மனிதர் இறந்ததாக உறுதியான பதிவு எதுவும் அதுவரை தெரிந்திருக்கவில்லை என்பதால், உலகச் செய்தித்தாள்கள் பலவற்றில் அந்தச் சிறிய ஊரின் பெயர் வந்தது. சில நாள்களில் நாசா விஞ்ஞானிகள் படங்களைப் பார்த்துவிட்டு, இது தரையில் நடந்த வெடிப்புபோல் இருக்கிறது என்றார்கள். நம் வானியலாளர்களும் விண்கல் என்பதைச் சந்தேகித்தார்கள். முதல் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைப் படித்திருப்பார்கள்? இன்றும் 'விண்கல் தாக்கி இறந்த முதல் மனிதர்' என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். ஒரு குடும்பம் தங்களில் ஒருவரை இழந்த துயரம் அது. என்ன நடந்தது என்பதைச் சரியாக எழுதுவதாவது அவர்களுக்கு நாம் காட்டும் மரியாதை.

இனி, தேடுவது எப்படி? சென்னையில் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகத்திலும், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் பழைய இதழ்களைக் காத்துவைத்திருக்கிறார்கள். பெரியவர் ஒருவரோடு போங்கள். பழைய தாள் அப்பளம்போல் நொறுங்கும். நுனியைப் பிடித்து இழுக்காமல் உள்ளங்கையைக் கீழே கொடுத்துப் புரட்ட வேண்டும். சென்னை தூரம் என்றால் உங்கள் ஊர் நூலகத்திலும் சில வருடத்து இதழ்கள் கட்டிவைத்திருக்கும்.

செய்தி கிடைத்ததும் தேதியைப் பாருங்கள். ஆனால் ஏமாறாதீர்கள், இதழின் தேதி வேறு, பார்த்த தேதி வேறு. 'நேற்று முன்தினம் இரவு' என்ற மூன்று சொல்லை விட்டுவிட்டால் வானம் இரண்டு நாள் தள்ளிப்போய்விடும். தேதியே பாதி வேலையை முடித்துவிடும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட் போனது 1971 அக்டோபர் 9 அன்று. அதற்கு முந்தைய செய்தி என்றால் ஸ்ரீஹரிகோட்டாவைச் சந்தேகப்பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். வரிசையாக மணி கோத்ததுபோல் விளக்குகள் நகர்ந்தன என்று 2019க்குப் பிறகு வந்த செய்தி என்றால், ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களை முதலில் நினையுங்கள். 2021 டிசம்பரில் பஞ்சாபில் பலர் அதைப் பார்த்துத்தான் திகைத்தார்கள். 2022 டிசம்பர் 15 மாலை மேற்கு வங்கத்தில் தெரிந்த வினோத ஒளி, அன்று ஒடிசாக் கடற்கரையிலிருந்து ஏவிச் சோதித்த அக்னி-5 ஏவுகணையின் நேரத்தோடு பொருந்துகிறது.

எங்கள் பகுதியில் இன்னொரு வசதியும் உண்டு. குப்பம் டீக்கடைகளில் தெலுங்கு நாளிதழும் தமிழ் நாளிதழும் கன்னட நாளிதழும் ஒரே பெஞ்சில் கிடக்கும். மூன்றையும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இங்கே நிறைய. ஒரே செய்தியை மூன்றிலும் படித்துப் பாருங்கள். மூன்றிலும் ஒரேமாதிரி இருப்பது பெரும்பாலும் கண்டது. ஒன்றில் மட்டும் கூடுதலாக இருப்பதைப் பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள். மூன்றிலும் ஒரு வரி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் அதையும் கவனியுங்கள். அது மூன்று சாட்சி இல்லை. ஒரே செய்தி நிறுவனம் மூன்று பேருக்கும் அனுப்பியது.

எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிடாது. 1951 மார்ச் 15 அன்று புது தில்லியில் விமானப் பயிற்சிக் கழகத்தைச் சேர்ந்த பலர், சுருட்டு வடிவத்தில் ஒன்று வானில் சுமார் ஏழு நிமிடம் தெரிந்ததாகச் சொன்ன பதிவு இருக்கிறது. விமானம் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள் சொன்னது. அது இன்னதுதான் என்று என்னால் சொல்ல முடியாது. நோட்டில் 'கண்டது' பக்கத்தில் எழுதி, எதிர்ப்பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். வெறுமையாக விடுவதற்கு முதலில் கை வராது. பழகிவிட்டால் அந்த வெள்ளை இடம்தான் மறுபடி மறுபடி புரட்டிப் பார்க்கத் தூண்டும்.

நீங்கள் தொடங்குவதற்கு ஒரு நல்ல தேதி தருகிறேன். 1979 ஜூலை 11, புதன்கிழமை. ஸ்கைலாப் என்ற, ஏறத்தாழ 77 டன் எடையுள்ள அமெரிக்க விண்வெளி நிலையம் கட்டுப்பாடிழந்து பூமியில் விழுந்த நாள். எங்கே விழும் என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. நம் கிராமங்களில் உலகமே அழியப்போகிறது என்று அஞ்சினார்கள். தெலங்கானாவில் ஒரு கிராமம் பட்ட பாட்டைக் கதையாக்கி 2021இல் 'ஸ்கைலாப்' என்ற தெலுங்குப் படம்கூட வந்தது. கடைசியில் நம் நேரப்படி அன்றிரவு 10 மணி வாக்கில் அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்பெரன்ஸ் என்ற ஊர்ப் பக்கத்திலும் சிதறி விழுந்தது. குப்பை போட்டதற்காக அந்த ஊர் நிர்வாகம் நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது.

எங்கள் பெரியம்மாவிடம் கேட்டேன். அப்போது அவருக்குப் பத்து வயது. "ஆடி மாசம்டா அது. எப்படியும் சாவப்போறோம்னு எங்க அவ்வா வூட்டு சேவலை அடிச்சிக் கொழம்பு வெச்சிட்டாங்க. நான் வளர்த்த சேவல். அழுதுகினே சாப்ட்டேன். காலைல பார்த்தா எல்லாரும் இருக்கோம், சேவல்தான் இல்ல."

நாள்காட்டியைப் பார்த்தேன். ஜூலை 11 ஆனி மாதத்தில் வருகிறது, ஆடி பிறக்க இன்னும் சில நாள் இருந்தது. பெரியம்மாவின் மாதத்தைத் திருத்த அச்சிட்ட தேதி வேண்டியிருந்தது. ஆனால் எந்தச் செய்தித்தாளிலும் அந்தச் சேவல் இல்லை. நோட்டில் 'கண்டது' பக்கத்தில், ஸ்கைலாபுக்குக் கீழே, அதையும் எழுதிக்கொண்டேன். என்ன நிறம் என்று கேட்டேன். கழுத்தில் மட்டும் சிவப்பு, மற்றபடி கறுப்பு என்றார்.